எரியாத காஸ் தானே, அம்மா!

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. வேலை முடிந்து வந்து, இரவுச் சமையலுக்கு அரிசி எடுக்கலாம் என்று ஸ்ரோறேஜ் அறைக் கதவைத் திறந்தேன். அரிசி மூட்டைக்கும் சூட்கேசுகளுக்கும் நடுவில், என் இடுப்பு உயரத்தில், சாம்பல் நிறச் சிலிண்டர் ஒன்று நின்றது. தலையில் இரண்டு மீற்றர். கழுத்திலிருந்து ஒரு கறுப்பு ரியூப் சுருண்டு தொங்கியது.

மூத்தவனைக் கூப்பிட்டேன். பதினொராம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வெல்டிங் பாடம் எடுக்கிறான். காதில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"என்னடா இது?"

"வெல்டிங் மெஷினுக்கான காஸ், அம்மா. மெஷின் கட்டிலுக்குக் கீழ இருக்கு. ரெண்டும் சேர்த்து நல்ல விலைக்கு ஒருத்தர் வித்தார்."

கோடை விடுமுறை முழுக்கச் சுப்பர்மார்க்கெட்டில் தட்டு அடுக்கிச் சேர்த்த காசு. எனக்குத் தலை சுற்றியது. காஸ் சிலிண்டரை வீட்டுக்குள் வைக்கலாமா, அதுவும் 14ஆம் மாடியில், வெடித்தால் என்ன செய்வது என்று கத்தினேன்.

அவன் பொறுமையாகச் சொன்னான்: "இது எரியாத காஸ் தானே, அம்மா. நெருப்பையே வைச்சாலும் எரியாது."

அவன் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது. அது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இந்த மாதப் பத்தி அதைப் பற்றியது.

எங்கள் பிள்ளைகளில் கொஞ்சப் பேராவது இப்போது கைத்தொழில் பக்கம் திரும்புகிறார்கள். ஒன்ராறியோவில் பதினொராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியில் இருந்தபடியே தொழிற்பயிற்சியைத் தொடங்க வழி இருக்கிறது. 'ஓயாப்' என்று அவர்கள் வாயில் அடிபடுகிற திட்டம் அது. சம்பளமும் நல்லது, வேலையும் கிடைக்கும் என்கிறார்கள். நாங்களும் தலையாட்டுகிறோம். ஆனால் பிள்ளை ஒரு மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன கேட்பது என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒரேயொரு ஆள் இரண்டு மாடி மேலே இருந்தார். அப்பாவுக்கு ஃபோன் அடித்தேன்.

நாங்கள் 1985இல் இங்கே வந்தபோது எனக்கு மூன்று வயது. அந்த நாளில் ரொறன்ரோவுக்கு வந்த கனபேர் முதலில் கால் வைத்த இடம் சென் ஜேம்ஸ் ரவுண்தான். ஒரு குடும்பத்துக்கான இடத்தில் மூன்று குடும்பம் இருந்திருக்கிறோம். பிறகு எல்லோரையும் போல நாங்களும் ஸ்காபுரோ, ஏஜக்ஸ் என்று வெளியே போனோம். அம்மா போன பிறகும் அப்பா இந்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்றார். கடைசியில் நாங்கள்தான் திரும்பி வந்தோம். அப்பா 16ஆம் மாடி, நாங்கள் 14.

அப்பா யாழ்ப்பாணத்தில் கேற்றும் ஜன்னல் கம்பியும் ஒட்டின ஆள். இங்கே வந்து முப்பது வருடம் ஒரு பக்ரறியில் வெல்டர். இதை நான் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் அப்படியே சொன்னதில்லை. "அப்பா எஞ்சினியரிங் கொம்பனியில வேலை" என்றுதான் சொல்வேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

அப்பா வந்தார். கத்தவில்லை. முதலில் போய்ப் பல்கனிக் கதவை விரியத் திறந்துவிட்டார். பிறகு ஸ்ரோறேஜ் கதவைத் திறந்தபடி விட்டு, சமையலறையில் இருந்து பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து எடுத்து வந்தார். ஒரு பழைய பிரஷ்ஷால் மீற்றர் சிலிண்டரோடு சேருகிற இடத்தில் பூசினார்.

நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழி. அது உடைந்தது. இன்னொரு குமிழி.

"லீக்," என்றார் அப்பா. சிலிண்டர் வால்வைக் கையால் வலப்பக்கம் திருப்பி இறுக்கினார். அது முக்கால்வாசி திறந்தே இருந்திருக்கிறது. "தம்பி, இதுக்கு மேல போடுற மூடி எங்க?"

"மூடியா? அப்படி ஒண்டும் தரேல்லையே, அம்மப்பா."

"ம்ம். இதுக்கு வெள்ளை ரேப் சுத்தினது ஆர்?"

"வித்த ஆள்தான் சுத்தியிருக்கோணும்."

அப்பா ஒன்றும் பேசாமல் கதிரையில் இருந்தார். அவர் அப்படி இருந்தால் பாடம் தொடங்கப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கிற எங்களுக்கு ஆபத்து என்றால் முதலில் நெருப்புத்தான். 2010 செப்ரெம்பரில் 200 வெல்லஸ்லி கிழக்கில் 24ஆம் மாடியில் பிடித்த நெருப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். 2018 ஓகஸ்ற் 21ஆம் திகதி 650 பார்லிமென்ற் வீதியில் மின்சாரத்தால் வந்த நெருப்பு. சுமார் 1,500 பேர். அவர்களில் பலர் ஒன்றரை வருடத்துக்கு மேல் வீடு திரும்பவில்லை. உடுத்த உடுப்போடு நின்ற சனத்தை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். அதனால் எந்தப் பொருளைக் கண்டாலும் எங்கள் வாயில் வருகிற முதல் கேள்வி, "இது எரியுமோ?" என்பதுதான். எரியாது என்றால் நிம்மதி.

அந்தக் கேள்வி இந்தக் காஸுக்குப் பொருந்தாது.

மகனின் சிலிண்டரில் இருந்தது 75 வீதம் ஆகன், 25 வீதம் காபனீரொட்சைட்டு. சாதாரண இரும்பை மிக் முறையில் ஒட்டுகிறவர்கள் அதிகம் பாவிக்கிற கலவை இது. ஆகன் ஒன்றும் புதுப்பொருள் அல்ல, நாங்கள் சுவாசிக்கிற காற்றில் ஏறக்குறைய 1 வீதம் ஆகன்தான். 1894இல் ரேலி, ராம்சே என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். எதோடும் சேராமல் சும்மா கிடந்ததால் கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

அந்தச் சோம்பல்தான் வெல்டிங்குக்கு வேண்டும். இரும்பு உருகி நிற்கிற அந்தச் சின்னக் குளத்துக்குள் காற்றில் உள்ள ஒட்சிசனும் நைதரசனும் புகுந்தால் ஒட்டு கெட்டுப்போகும். அதைச் சுற்றி ஒரு குடை பிடிப்பதுதான் காஸின் வேலை. யாழ்ப்பாணத்தில் அப்பா பாவித்த குச்சி வெல்டிங்கில் இந்தச் சிலிண்டர் இல்லை. குச்சிக்கு மேல் இருக்கிற பூச்சே எரிந்து புகையாகிக் குடை பிடித்துவிடும். இங்கே வந்துதான் அவர் காஸைப் பழகினார்.

"சரி தம்பி," என்றார் அப்பா. "எரியாது. நிறமில்லை. மணமுமில்லை. சமையல் காஸ் லீக் அடிச்சா மணக்கும், ஏனெண்டா மணக்கிறதுக்கெண்டே ஒண்டைக் கலந்து விடுகினம். இதுக்கு ஒண்டும் கலக்கிறேல்லை. சிலிண்டரில இருக்கிறது முழுக்க இந்த அறைக்குள்ள வந்தா என்ன நடக்கும், சொல்லு பாப்பம்?"

மகன் தோளைக் குலுக்கினான். அப்பா அவனை அளக்கச் சொன்னார். எங்கள் ஸ்ரோறேஜ் அறை ஒன்றரை மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம், 2.4 மீற்றர் உயரம். 5.4 கன மீற்றர். சிலிண்டர் 80 கன அடி. கிட்டத்தட்ட 2.26 கன மீற்றர் காஸ். மகனுக்குக் கணக்கு வரும். கதவு இடுக்கால் காற்றும் காஸும் கலந்து கலந்து வெளியேறுவதாக வைத்து, ஃபோனில் தட்டிப் பார்த்தான். முகம் மாறியது.

காற்றில் இயல்பாக இருக்கிற ஒட்சிசன் 20.9 வீதம். ஒன்ராறியோவில் அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கான விதி, 19.5 வீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்கிறது. மகனின் கணக்கில் எங்கள் அரிசி அறையில் மிஞ்சியது 14 வீதம் அளவில். அதோடு காபனீரொட்சைட்டு 8 வீதத்துக்கு மேல். அது மட்டுமே ஒரு ஆளை மயக்கிவிழுத்தப் போதும்.

"உண்மையில அவ்வளவு சேராது," என்றார் அப்பா, நியாயமாக. "மெல்ல மெல்ல லீக் அடிச்சா, கதவுக்குக் கீழால போய்க்கொண்டிருக்கும். ஆனா ஆகன் காத்தை விடப் பாரம். நிலத்தோட சேர்ந்து கிடக்கப் பாக்கும். உள்ளுக்குப் போற ஆள் சின்ன ஆளெண்டா?"

நான் மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒன்றைத்தான் நினைத்தோம். சின்னவளுக்கு எட்டு வயது. ஒளிச்சுப் பிடிச்சு விளையாடும்போது அவள் முதலில் ஓடி ஒளிகிற இடம் அரிசி மூட்டைக்குப் பின்னால்தான்.

அதன் பிறகு அவன் "எரியாத காஸ் தானே" என்று சொல்லவில்லை.

அன்று அப்பா ஒரு கதை சொன்னார். நான் பிறகும் பிறகும் கேட்ட கதை, ஆனால் அன்றுதான் விளங்கியது. பக்ரறியில் ஒரு பெரிய ஸ்ரெயின்லெஸ் தொட்டி. உள்பக்க ஒட்டு கறுக்காமல் இருக்க ஆகனால் நிரப்பியிருந்தார்கள். கூட வேலை செய்த ஒருவர் விழுந்த பேனையை எடுக்கத் தலையை உள்ளே விட்டார். மூச்சு முட்டியதென்று அவர் சொல்லவில்லை. இருமவும் இல்லை. அப்படியே மடிந்து தொங்கினார். அப்பாவும் இன்னொருவரும் காலில் பிடித்து வெளியே இழுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

எங்களுக்கு மூச்சு முட்டுகிற உணர்வு வருவது ஒட்சிசன் குறைவதால் அல்ல. உடம்பில் காபனீரொட்சைட்டு கூடுவதால். தனி ஆகனைச் சுவாசிக்கிறபோது அது வெளியேறிக்கொண்டே இருக்கும், உடம்பு எச்சரிக்காது. இரண்டு மூன்று மூச்சில் ஆள் விழலாம். இப்படியான இடங்களில் காப்பாற்றப் போன ஆளும் சேர்ந்து இறந்துபோவது அடிக்கடி நடப்பது. வீட்டுச் சுவரில் இருக்கிற காபனோரொட்சைட்டு அலாரத்தை நம்பவும் ஏலாது. அது வேறு வாயுவுக்கானது. ஆகனுக்கு அடிக்காது.

அன்றிரவு, வால்வு பூட்டின சிலிண்டரை அப்பா பல்கனியில் நிமிர்த்தி வைத்து, இரண்டு பட்டியால் கம்பியோடு இறுக்கிக் கட்டினார். ஒரு இரவுக்கு மட்டும். அடுத்த நாள் காஸ் விற்கிற கடையில் மூடி ஒன்று வாங்கி வந்து, மீற்றரைக் கழற்றி, மூடியைப் போட்டார். கட்டட சுப்பரின்ரென்டனிடம் உண்மையைச் சொல்லிச் சாமான் ஏற்றும் லிஃப்டைக் கேட்டோம். சிலிண்டரைத் தள்ளுவண்டியில் கட்டி, ஆளில்லாமல் கீழே அனுப்பி, கீழே மகன் எடுத்தான். அடைபட்ட லிஃப்டுக்குள் காஸோடு ஆள் போகக்கூடாது என்றார் அப்பா. தம்பியின் வானில் நிமிர்த்திக் கட்டி, ஜன்னல் திறந்தபடி கொண்டுபோனோம்.

கடையில் இன்னொரு அடி காத்திருந்தது. சிலிண்டரின் கழுத்தில் ஒரு கொம்பனியின் பெயர் அடித்திருந்தது. வாடகைச் சிலிண்டர். விற்றவருக்கு அதை விற்க உரிமையே இல்லை. கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார், காசு தரவில்லை. மகனுக்கு அழுகை வராத குறை. பழைய சிலிண்டர் வாங்கும்போது அது யாருடையது, கடைசியாக எப்போது அழுத்தச் சோதனை செய்து திகதி அடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். இதை நான் இப்போதுதான் படித்தேன். நீங்கள் காசு கொடுக்காமல் படித்துக்கொள்ளுங்கள்.

அப்பா தன் பென்ஷன் காசில் சொந்தமாக ஒரு சிலிண்டர் எடுத்துக் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு: அது வீட்டுக்குள் வரக்கூடாது. ஸ்காபுரோவில் தம்பியின் கராஜ்தான் இடம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே. நானும் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். நாற்பது வயதுக்கு மேல், அப்பா வேலை செய்வதை முதல்தரம் பார்க்கிறேன்.

சிலிண்டரைச் சுவரில் அடித்த சங்கிலியால் இரண்டு இடத்தில் கட்டின பிறகுதான் மூடியைக் கழற்ற விட்டார். "உள்ளுக்க 2,200 பி.எஸ்.ஐ. மாமான்ர கார் ரயரில 32. கிட்டத்தட்ட எழுபது மடங்கு. மூடியில்லாமல் விழுந்து வால்வு உடைஞ்சா, இது சிலிண்டர் இல்லை, றொக்கெற்."

பிறகு லேபலை வாசிக்கச் சொன்னார். நிறத்தைப் பார்த்துக் காஸை நம்பக்கூடாது. வட அமெரிக்காவில் ஒவ்வொரு விற்பனையாளரும் தங்களுக்குப் பிடித்த நிறம் அடிப்பார்கள். எழுத்துத்தான் சாட்சி. ஆகனுக்கும் ஆகன் கலவைக்கும் ஒரு மரை, தனிக் காபனீரொட்சைட்டுக்கு வேறு மரை. பூட்டு ஏறவில்லை என்றால் பலம் போடக்கூடாது. ஏறாததே ஒரு எச்சரிக்கை.

வால்வின் வாயை ஆட்கள் இல்லாத பக்கம், திறந்திருந்த கராஜ் கதவுப் பக்கம் திருப்பி, ஒரு நொடி திறந்து மூடினார். 'புஸ்' என்று தூசி பறந்தது. தூசி மீற்றருக்குள் போகாமல் இருக்கத்தான் அது. அடுத்தது மீற்றர். பழையதின் மூக்கை மகனுக்குக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெட்டுக்காயம். "இதில இரும்பும் இரும்பும் நேரே பதிஞ்சுதான் அடைக்கும். ரேப் சுத்தினா பதியாது. காயத்தை மறைக்கத்தான் ஆள் ரேப் சுத்தியிருக்கு." புதிய மீற்றருக்கு ரேப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, கிறீசும் இல்லை. கையால் ஏற்றி, சரியான ஸ்பனரால் இறுக்கினார். தொங்கி இறுக்கவில்லை.

திறக்கிறதுக்கு முன் ஒன்று. காஸின் அளவைக் கூட்டிக் குறைக்கிற குமிழை இடப்பக்கம் திருப்பி, தளர்ந்து ஆடுகிற வரைக்கும் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு அழுத்தமும் ஒரேயடியாக உள்ளே பாயும். திறக்கும்போது மீற்றருக்கு முன்னாலும் நிற்கக்கூடாது, பின்னாலும் நிற்கக்கூடாது. பக்கத்தில் நிற்க வேண்டும். கண்ணாடி வெடித்தால் அது முகத்துக்கு நேரே வரும்.

"இப்ப நீ திற. மெல்லமா."

மகன் திறந்தான். ஊசி மெல்ல ஏறி நின்றது. "இனி முழுக்கத் திற. இந்த வால்வு முழுக்கத் திறந்தாத்தான் தண்டுப் பக்கத்தால லீக் அடியாது. அசெற்றிலீன் வேறை கதை, அதை இப்படி முழுக்கத் திறக்கிறேல்லை." பிறகு சவர்க்காரத் தண்ணீர், ஒவ்வொரு மூட்டுக்கும். குமிழி இல்லை. அதோடு விடவில்லை. வால்வைப் பூட்டிப் பத்து நிமிடம் ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். அசையவில்லை.

அளவு வைப்பது நான் நினைத்த மாதிரி இல்லை. காஸ் ஓடாமல் நிற்கும்போது குமிழைத் திருப்பி ஒரு எண்ணை வைப்பதில் பயனில்லை. ஓடும்போதுதான் வைக்க வேண்டும். மெஷினில் கம்பியைத் தள்ளுகிற சில்லின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுத் துவக்கை அமத்தினால், கம்பி வராமல் காஸ் மட்டும் வரும். அப்போதும் கம்பியில் மின்சாரம் இருக்கலாம், எந்த இரும்பிலும் முட்டக்கூடாது. காஸ் ஓட, கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த சின்னக் குண்டு மேலே ஏறியது. அந்தக் குழாய் நேர் நிமிர்ந்து நிற்க வேண்டும். சரிந்தால் அளவு பொய் சொல்லும்.

"எவ்வளவு வைப்பம்?"

"கூட வைச்சா நல்லம் தானே, அம்மப்பா? நல்லா மூடும்."

அப்பா சிரித்தார். "காத்துக்க கற்பூரம் கொளுத்தினா என்ன செய்வாய்? கையைக் குவிச்சு மறைப்பாய். ஊதுவியோ?"

நிமிடத்துக்கு 10 முதல் 12 லீற்றர். கன அடியில் அளக்கிற மீற்றர் என்றால் மணிக்கு 20 முதல் 25. காற்றில்லாத இடத்தில் இந்த மெல்லிய இரும்புக்கு அவ்வளவு போதும். கூட்டினால் காஸ் சுழன்று அடித்து, வெளிக் காற்றையும் இழுத்துக்கொண்டு வரும். குடையே ஓட்டையாகிவிடும். கராஜ் கதவு திறந்திருக்க வேண்டும். புகையும் காஸும் வெளியேற வேண்டும். ஆனால் காற்று நேரே ஒட்டில் அடிக்கக்கூடாது. அப்பா ஒரு பலகையைத் தடுப்பாக வைத்து அதைச் சமாளித்தார்.

பிறகு ஒரு வேலை செய்தார். காஸை நிப்பாட்டிவிட்டு மகனை ஒரு கோடு ஒட்டச் சொன்னார். சடசட என்று பொறி பறந்தது. ஆறின பிறகு பார்த்தால், கோடு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. "இது ஒட்டில்லை, அப்பம்," என்றார். காஸைத் திறந்து பக்கத்தில் இன்னொரு கோடு. ஒரே சீராக, காசு அடுக்கிய மாதிரி. இரண்டு கோட்டையும் தம்பி ஃபோனில் படம் எடுத்தான். அப்பா அந்த இரண்டாவது கோட்டை விரலால் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

முடிக்கும்போதும் ஒழுங்கு இருக்கிறது. முதலில் சிலிண்டர் வால்வைப் பூட்டு. பிறகு துவக்கை அமத்தி ரியூப்பில் மிஞ்சின காஸை விடு. இரண்டு மீற்றரும் பூச்சியத்துக்கு வரவேண்டும். கடைசியில் குமிழைத் தளர்த்து. மெஷினை மட்டும் நிப்பாட்டிவிட்டுப் போனால் ரியூப்பில் அழுத்தம் நிற்கும். எங்காவது சின்ன ஒழுக்கு இருந்தால் அடுத்த கிழமை சிலிண்டர் வெறுமை. பூட்டின கராஜுக்குள் அது எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கனநாள் பூட்டிக் கிடந்த கராஜ் என்றால், கதவைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

திரும்பி வரும்போது காரில் அப்பாவிடம் கேட்டேன். "இவ்வளவு தெரிஞ்ச நீங்கள் ஏனப்பா எங்களுக்கு ஒண்டும் சொல்லித் தரேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே, பிள்ளை," என்றார்.

டொன் வலி பார்க்வே முழுக்க அந்தச் சொல் என்னோடு வந்தது. அவர் வேலையால் வந்தால் உடுப்பில் மணக்கிற இரும்பு வாசத்தை நாங்கள் எல்லோரும் கழுவிவிடப் பார்த்தோம். அந்த வாசத்துக்குப் பின்னால் இப்படி ஒரு படிப்பு இருந்தது. அது எங்கள் வீட்டிலேயே இரண்டு மாடி மேலே முப்பது வருடமாகச் சும்மா கிடந்தது.

ஆகவே பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை வெல்டிங் படிக்கிறேன் என்றால் பயந்து மறிக்கவும் வேண்டாம், விளங்காமல் தலையாட்டவும் வேண்டாம். சில கேள்விகள் கேளுங்கள். சிலிண்டர் எங்கே நிற்கும்? எதோடு கட்டியிருக்கும்? மூடி எங்கே? உள்ளே என்ன காஸ், லேபலில் என்ன எழுதியிருக்கிறது? காற்று எந்தக் கதவால் வரும், எதால் போகும்? லீக் பார்த்தாயா, எதால் பார்த்தாய்? முடிந்ததும் எதை முதலில் பூட்டுவாய்? இதற்கு மறுமொழி சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நீங்கள் பயப்படத் தேவையில்லை. தெரியாத பிள்ளையைப் பள்ளி ஆசிரியரிடமோ தொழில் தெரிந்த ஆளிடமோ முதலில் கூட்டிக்கொண்டு போங்கள். பல்கனி, ஸ்ரோறேஜ், கீழ்த்தள லொக்கர், பூட்டின கார் இவை எதுவும் சிலிண்டர் வைக்கிற இடம் இல்லை. எங்களைப் போல அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் இதில் பேரம் பேசவே வேண்டாம்.

அதோடு, உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ பக்ரறியில் கை காய்ச்சுப்போன ஒரு அப்பா, மாமா, சித்தப்பா கட்டாயம் இருப்பார். அவரிடம் கேளுங்கள். அவர் தானாகச் சொல்லமாட்டார்.

மகன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபுரோவுக்குப் போகிறான். சின்னவள் பழையபடி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிகிறாள். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு 16ஆம் மாடியில் இருந்து ஃபோன் வரும்.

"வால்வு பூட்டியாச்சோ எண்டு கேள், பிள்ளை."

நான் கேட்கத் தேவையில்லை. அவன் அதற்கு முன்பே அம்மப்பாவுக்குப் படம் அனுப்பியிருப்பான். இரண்டு மீற்றர், இரண்டு ஊசியும் பூச்சியத்தில். ஆனாலும் அப்பா கேட்பார். நானும் "ஓம் அப்பா, பூட்டியாச்சு" என்று சொல்வேன்.